சொல்பவரின் கதையையும் எழுதுங்கள்: போரால் பாதிக்கப்பட்ட பெண்களுடன் பணியாற்றப் புதிதாக வருவோருக்கு

இலங்கையில் போர் முடிந்தபின் வந்த ஒவ்வொரு விசாரணைக்கும் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013இல் காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கப் பரணகம ஆணைக்குழு. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி. 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டு காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கியது. சனங்கள் அதை ஓஎம்பி என்பார்கள். எல்லா இடத்திலும் அதே அம்மாக்கள், அதே புகைப்படம், அதே கேள்விகள். கோப்பைத் திறந்தால் மகனின் பெயர் இருக்கும், கணவனின் பெயர் இருக்கும், கடைசியாகக் கண்ட இடமும் திகதியும் இருக்கும். அதையெல்லாம் சொன்ன பெண்ணுக்கு என்ன நடந்தது, இப்போது எப்படிச் சீவிக்கிறார் என்பதற்குப் பல படிவங்களில் ஒரு பெட்டிகூட இருக்காது.

இது நம்முடைய நாட்டில் மட்டும் நடந்ததல்ல. தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிலும் சாட்சி சொல்ல வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவனுக்கும் பிள்ளைக்கும் நடந்ததைத்தான் சொன்னார்கள். பெண் ஆய்வாளர்களும் அமைப்புகளும் அதைச் சுட்டிக்காட்டி வற்புறுத்திய பிறகே பெண்களுக்கெனத் தனி அமர்வுகள் நடந்தன.

நிலைமாறுகால நீதியில், அதாவது போருக்குப் பின் உண்மையும் நீதியும் இழப்பீடும் தேடும் வேலைகளில், பால்நிலை சமத்துவம் என்று திட்ட முன்மொழிவில் ஒரு பந்தி எழுதுவது சுலபம். களத்தில் அது சின்னச் சின்ன விடயங்களில்தான் இருக்கிறது: கூட்டம் எத்தனை மணிக்கு, படிவத்தில் யாருடைய பெயர், காணி உறுதியில் யாருடைய கையொப்பம், பணம் யாருடைய வங்கிப் புத்தகத்தில் விழுகிறது. அமைப்பொன்றில் கள உத்தியோகத்தராகவோ சட்டத்தரணிக்கு உதவியாளராகவோ பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சிக்கோ வருகிறீர்கள் என்றால், கீழே உள்ளவற்றை இந்த ஒழுங்கிலேயே செய்து பாருங்கள்.

முதற்படி: கதையைக் கேட்காதீர்கள், பையைக் கேளுங்கள்

பெரும்பாலான வீடுகளில் ஒரு பொலித்தீன் பையோ பைலோ இருக்கும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த மனுக்கள், பழைய அடையாள அட்டைப் பிரதிகள். "அம்மா, ஏற்கெனவே குடுத்த கடிதங்கள் இருந்தால் பாக்கலாமோ?" என்று தொடங்கினால் அரைவாசி வேலை முடிந்துவிடும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அவருக்குப் புதிய காயம். "இதெல்லாம் சொன்னதுதானே பிள்ளை" என்று ஒருவர் சலித்துக்கொண்டால் அது ஒத்துழையாமை அல்ல, நியாயமான கோபம்.

கலந்தாலோசனைச் செயலணியின் அறிக்கை 2017 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்ட சமர்ப்பணங்களை வாங்கி எழுதப்பட்டது. பெண்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று புதிதாக ஓர் ஆய்வு செய்யப் புறப்படுமுன் அதைப் படியுங்கள். நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விகளில் பலவற்றுக்கு அதில் பதில் இருக்கிறது. 2022இல் வெளியான முராத் நெறிக்கோவையும் இதையே வலியுறுத்துகிறது: மோதல் சார்ந்த பாலியல் வன்முறை பற்றித் தகவல் திரட்டுபவர், அது உண்மையில் தேவைதானா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: இடம், நேரம், வாகனம்

அமைப்பின் பெயர் பொறித்த வாகனம் ஒரு வீட்டு வாசலில் நின்றால், நீங்கள் போன பிறகு வேறு ஆட்கள் வந்து "யார் வந்தது, என்ன கேட்டது?" என்று விசாரிப்பார்கள். முன்னாள் போராளியான பெண் என்றால் இது இன்னும் மோசம். எனவே எங்கே சந்திப்பது என்பதை அவரே சொல்லட்டும். சிலருக்குக் கோயில் மடம் சரி, சிலருக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடம், சிலருக்கு டவுனில் உள்ள உங்கள் ஒபிஸ். கிளினிக் நாளில் ஆஸ்பத்திரிக்கு வருபவரை அங்கேயே சந்திப்பது பல வேளைகளில் ஆகச் சிறந்த வழி. ஏன் போனார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நேரத்தில் பிழைவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் பேசமாட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையல் முடித்து வர ஒன்பதரை ஆகும். பள்ளி விடுவதற்கு முன் வீட்டில் நிற்க வேண்டும். அரிவு வெட்டுக் காலத்தில் கூட்டம் வைக்காதீர்கள், கூலி போகும். பஸ் காசை அன்றே கையில் கொடுங்கள். பிறகு வங்கியில் போடுகிறோம் என்பது வருகிறவரைக் கடனாளியாக்கும் வேலை. கைக்குழந்தையை வைத்திருக்க ஓர் ஆள், சக்கர நாற்காலி போகக்கூடிய கழிப்பறை இரண்டும் வேண்டும். ஹோட்டல் மண்டபத்தில் பதாகை கட்டி, மேடையில் ஆண்களை இருத்தி, கீழே பெண்களை வரிசையாக வைத்து நடத்தும் "பங்குபற்றல்" கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

யார் வரவேண்டும் என்ற பட்டியலை விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) மட்டும் கேட்டு எடுக்காதீர்கள். அவருக்குத் தெரிந்தவர்களே வருவார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலிருந்து பிறகு திரும்பிய முஸ்லிம் பெண்கள், எல்லைக் கிராமங்களில் கணவனை இழந்த சிங்களப் பெண்கள், வன்னியில் குடியேறிய மலையக வம்சாவளிப் பெண்கள், காலை இழந்தவர்கள், மறுமணம் செய்ததால் ஊரில் ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் இதில் உண்டு. தெற்கில் 1987-89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாரும் இதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள். ஆனால் எல்லோரையும் ஒரே அறையில் இருத்தினால்தான் நல்லிணக்கம் என்று நினைக்கவேண்டாம். தனித்தனியாகப் பேசிய பிறகு, அவர்கள் விரும்பினால் சேரட்டும்.

மூன்றாம் படி: சம்மதம்

சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது சம்மதம் அல்ல. மூன்று கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள். நான் கேட்கலாமா? எழுதலாமா? எழுதியதை இன்னாருக்குக் கொடுக்கலாமா? முதலாவதற்கு ஓம் என்றவர் மூன்றாவதற்கு வேண்டாம் எனலாம். ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமை அமைப்புகளுக்கு அனுப்பச் சம்மதித்தவர் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க மறுக்கலாம். அதுதான் அவருக்கு உண்மையான ஆபத்து எங்கே என்று காட்டும். வேண்டாம் என்று நாளைக்கும் சொல்லலாம், அதனால் நிவாரணம் எதுவும் நிற்காது என்பதையும் வாயால் சொல்லுங்கள். "எங்களால் பிள்ளையைக் கண்டுபிடித்துத் தர முடியாது" என்பதையும் முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லக் கடினம்தான். ஆனால் சொல்லாமல் விடுவதுதான் ஏமாற்று.

பாலியல் வன்முறையைத் தேடிப் போய்க் கேட்பது புதியவர்களின் வேலை அல்ல. கேள்விக்கொத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி உங்கள் மேலாளரிடம் சண்டை பிடியுங்கள். ஆனால் யாரோ ஒருவர் தானாகவே சொல்லுவார், பெரும்பாலும் பேச்செல்லாம் முடிந்து நீங்கள் எழும்பும்போது. அப்போது திரும்ப இருங்கள். பேனையை வைத்துவிடுங்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை, எத்தனை பேர், எந்த உடுப்பு என்ற கேள்விகள் எதுவும் வேண்டாம். இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா, யாருக்காவது தெரியுமா, என்ன உதவி வேண்டும் என்ற மூன்றும் போதும். அண்மையில் நடந்த சம்பவமென்றால் நேரம் முக்கியம்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள், கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரை 5 நாளைக்குள். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். உங்கள் மாவட்டத்தில் அது எந்தக் கட்டடத்தில், எந்த நாட்களில், பெயர் கூப்பிடும்போது மற்றவர்களுக்குக் கேட்குமா என்பதை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வையுங்கள். பெண்களுக்கான அரச தொலைபேசி உதவி 1938, மனநல உதவி 1926.

பழைய சம்பவம் என்றால் அவசரமில்லை என்று நினைக்கத் தோன்றும். இருக்கிறது. இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலம் 20 ஆண்டு. 2009இல் நடந்த ஒரு பாலியல் குற்றத்துக்கு அந்தக் கணக்கு 2029இல் முடிகிறது. இதைச் சொல்லி யாரையும் பொலிசுக்குத் தள்ளக்கூடாது. ஆனால் தெரியாததால் ஒருவர் வாய்ப்பை இழக்கவும் கூடாது. ஆகவே அவருடைய சம்மதத்தோடு, பெயரில்லாமல், ஒரு சட்டத்தரணியிடம் விளக்கம் கேளுங்கள். வழக்கின் பாதை எப்படியிருக்கும் என்பதையும் மறைக்கவேண்டாம். 2010இல் விசுவமடுவில் நடந்த கூட்டுப் பாலியல் வன்முறை வழக்கில் 2015இல் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் நான்கு படையினருக்குத் தண்டனை விதித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. முறைப்பாடு செய்த பெண்கள் ஒன்பது ஆண்டு அந்த வழக்கோடு வாழ்ந்தார்கள்.

ஆண்களும் உண்டு. தடுப்புக்காவலில் ஆண்கள் மீது நடந்த பாலியல் சித்திரவதையை ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் 2015 விசாரணை அறிக்கை விரிவாகப் பதிந்திருக்கிறது. ஆனால் நமது தண்டனைச் சட்டக்கோவை வன்புணர்வைப் பெண்ணுக்கு எதிரான குற்றமாக மட்டுமே வரையறுக்கிறது. அதே கோவையில் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைக் குற்றமாக்கும் பிரிவுகளும் இருப்பதால் பேசப் பயப்படுகிறார்கள். பால்நிலை என்பது பெண்களுக்கு மட்டுமான தலைப்பு என்று வைத்துக்கொண்டால் இவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

நான்காம் படி: பேப்பர் வேலை

நேரத்தை அதிகம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். பயிற்சிப் பட்டறைகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் நீண்டகாலம் மனைவியுமில்லை விதவையுமில்லை என்ற நிலையில் இருந்தார். உதவி வேண்டுமென்றால் மரணச் சான்றிதழ் எடு என்றார்கள். எடுத்தால் தேடுவதைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று பலர் மறுத்தார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமல் போனமைக்கான சான்றிதழ் கொண்டுவரப்பட்டது. அது மரணத்தை உறுதிப்படுத்தாது. ஆனால் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்க, காணாமல் போனவரின் சொத்தை நிர்வகிக்க, பிள்ளைகளின் பொறுப்பு விடயங்களைப் பார்க்க உதவும். எடுப்பதா இல்லையா என்பது முழுக்க முழுக்க அந்தப் பெண்ணின் முடிவு. சில தாய்மார் இதையும் மறுக்கிறார்கள், அவர்களோடு வாதாடாதீர்கள்.

விண்ணப்பிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஆளுக்காக மனைவியும் தாயும் இரண்டு பேர் நிற்கக்கூடும். காசு என்று வரும்போது மாமிக்கும் மருமகளுக்கும் இடையில் மனக்கசப்பு வருவது புதினமல்ல. மருமகள் மறுமணம் செய்திருந்தால் சொல்லவே வேண்டாம். யாருக்கு எது உரித்து என்று இருவருக்கும் தனித்தனியே விளக்கிவிட்டு, பிறகு சேர்த்து வைத்துப் பேசுங்கள்.

அடுத்தது விவாகப் பதிவு. போரின் கடைசி ஆண்டுகளில் பிள்ளையைப் புலிகள் தங்கள் படையில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் பதினாறு பதினேழு வயதில் அவசரமாகத் தாலி கட்டிய திருமணங்கள் பல. பதிவில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லை. இந்தப் பெண்ணை அலுவலகம் "மனைவி" என்று ஏற்காது. கோயில் பதிவு, இடம்பெயர்ந்த முகாமின் குடும்ப அட்டை, பங்கீட்டு அட்டை, கிராம அலுவலரின் கடிதம், சாட்சிகளின் சத்தியக்கடதாசி என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு மாவட்டத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விலாசம் எழுதிக் கொடுத்து அனுப்புவதில் பிரயோசனமில்லை, கூடவே போக வேண்டும்.

காணி. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் எங்கே என்று தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. இது தெரியாமல் சொந்தக் காணியை வைத்துக்கொண்டே வட்டிக்கடன் எடுத்த பெண்கள் இருக்கிறார்கள். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் அது பெரும்பாலும் "குடும்பத் தலைவர்" என்று ஆணின் பெயரில் இருக்கும். பெயர் மாற்றாமல் கட்டிக்கொடுத்த வீடு, நாளைக்கு மைத்துனன் வந்து உரிமை கேட்கக்கூடிய வீடு. வீட்டுத்திட்டத்தில் வேலை செய்பவர் கல்லும் சீமெந்தும் பார்க்குமுன் அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள்.

இந்தக் கந்தோர்களுக்கெல்லாம் பெண்ணைத் தனியே அனுப்பாதீர்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. கையெழுத்துக்குப் பதிலாக உடலைக் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள், தனியாய் வாழும் பெண் என்று தெரிந்தால் இன்னும் துணிவார்கள். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தை இலஞ்சமாகவே பார்க்கிறது. இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. நம்முடைய அமைப்புகளின் ஆட்களும் இதில் விதிவிலக்கல்ல. உங்கள் சக உத்தியோகத்தர் மீது முறைப்பாடு வந்தால் யாரிடம் போவது என்பது நீங்கள் சந்திக்கும் பெண்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: இழப்பீடும் உதவியும்

தையல் மெசின், கோழிக்குஞ்சு, சிறுகடை. வடக்கில் வாழ்வாதார உதவி என்றால் இந்த மூன்றும்தான் என்றாகிவிட்டது. ஒரே ஊரில் இருபது தையல் மெசின் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது? நுண்கடன் வாங்கி அடைக்க முடியாமல் தவித்த பெண்களுக்காக 2018இல் அரசு ஒரு கடன் தள்ளுபடியை அறிவிக்க வேண்டி வந்தது. ஆகவே உதவி கொடுக்குமுன் அவருடைய கடன் கொப்பியைப் பார்க்கக் கேளுங்கள். பலருக்கு முதல் தேவை அந்த மாதத் தவணையிலிருந்து மூச்சு விடுவது.

உதவி வேறு, இழப்பீடு வேறு. வெள்ளத்துக்கும் கொடுக்கும் உலர் உணவுப் பொதியை நடந்த அநியாயத்துக்கான பரிகாரம் என்று காட்டக்கூடாது. 2022இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஒரு தடவைக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபா என்று அமைச்சரவை தீர்மானித்தபோது, வீதியில் போராடிக்கொண்டிருந்த தாய்மார் அதை நிராகரித்தார்கள். பிள்ளை எங்கே என்ற கேள்விக்குக் காசு பதிலாகாது என்பது அவர்களின் நிலைப்பாடு. ஆனால் வறுமையால் வாங்கிய ஒருவரை அவர்களுக்கு எதிராக நிறுத்தவும் கூடாது. நீங்கள் செய்யக்கூடியது, கையொப்பமிடும் தாளில் "இத்துடன் உரிமைகோரல் முடிகிறது" என்று பொருள்படும் வரி இருக்கிறதா என்று வாசித்துக் காட்டுவது.

வெளியே சில நாடுகள் எப்படிச் செய்தன என்று அறிந்து வைத்திருந்தால் கூட்டங்களில் பேச உதவும். கிழக்குத் திமோரின் உண்மை ஆணைக்குழு, இழப்பீட்டு நிதியில் குறைந்தது பாதி பெண்களுக்குப் போக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதோடு பிள்ளையின் புலமைப்பரிசிலையும் தாய்க்கான சேவைகளையும் இணைத்தது. மாதாமாதம் பிள்ளையின் காசு எடுக்க வரும் தாய் அதே இடத்தில் மருத்துவமும் ஆலோசனையும் பெறலாம், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கொசோவோவில் போர்க்காலப் பாலியல் வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்கு 2018 முதல் மாதக் கொடுப்பனவு உண்டு. தொண்டு நிறுவனம் ஊடாக விண்ணப்பிக்கவும் வழி செய்யப்பட்டது. குவாத்தமாலாவில் செப்பூர் சார்கோ வழக்கில் 2016இல் இரண்டு முன்னாள் படைத்தரப்பினர் தண்டிக்கப்பட்டார்கள். சாட்சி சொன்ன முதிய மாயா பெண்கள் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டுதான் நீதிமன்றத்தில் இருந்தார்கள். இழப்பீடாக அவர்கள் கேட்டவற்றில் ஊருக்கு ஒரு சுகாதார நிலையமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இருந்தன. கோரிக்கை இப்படியும் வரலாம் என்பதால், இது வேண்டுமா அது வேண்டுமா என்ற பட்டியலை நீட்டுமுன் வெறுந்தாளோடு போய் உட்காருங்கள்.

ஆறாம் படி: முடிவெடுக்கும் மேசை

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக வீதியோரத்தில் தொடர் போராட்டம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஊடகங்களோடு பேசுவது, மகஜர் எழுதுவது, வெளிநாட்டுத் தூதுவர்களைச் சந்திப்பது எல்லாம் அவர்களே செய்தார்கள். அவர்களிடம் போய்த் "தலைமைத்துவப் பயிற்சி" கொடுக்கிறோம் என்பது கொஞ்சம் வேடிக்கை. அவர்களுக்குத் தேவைப்படுவது சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதி நேரத்தோடு கிடைப்பதும், கூட்டத்தில் சரியான மொழிபெயர்ப்பும், சொன்ன கருத்து ஏற்கப்பட்டதா இல்லையா என்று பிறகு ஒரு கடிதமும். குழுவில் எத்தனை பெண்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், திட்டத்தில் அவர்கள் சொல்லி மாறிய விடயம் எது என்று அறிக்கையில் எழுதுங்கள். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதுங்கள்.

ஏழாம் படி: திட்டம் முடியும்போது

நிதி முடிந்தால் அமைப்புகள் சத்தமில்லாமல் போய்விடும். குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள். உளவளத்துணைக்கு வந்துகொண்டிருப்பவரைப் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலைப் பிரிவிடமோ நேரில் அறிமுகப்படுத்திவிடுங்கள், அவர் விரும்பினால் மட்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தால், சாட்சிகளைப் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்கும் விண்ணப்பத்தை நீங்கள் போகுமுன் முடித்துக் கொடுங்கள்.

கடைசியாகக் கோப்புகள். வாக்குமூலம் ஒரு பெட்டியில், பெயர்களுக்கும் குறியீட்டு இலக்கங்களுக்குமான பட்டியல் வேறொரு இடத்தில் என்று பிரித்தே வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை உங்கள் போனிலிருந்தும் சாரதியின் போனிலிருந்தும் அழியுங்கள். அவர் தந்த மூலப் பத்திரங்களை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, இன்னின்ன பத்திரம் இன்ன திகதியில் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அவர் சொன்னவற்றில் எதை எங்கே அனுப்பினீர்கள், அங்கிருந்து என்ன பதில் வந்தது என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி அதனோடு வையுங்கள். அடுத்த முறை யாராவது கேள்விக்கொத்தோடு வந்தால், அவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டினால் போதும்.